சைக்கிளுக்குப் பொருத்தம் பார்த்த கதை

முழங்கால் என்று ஓர் அவயவம் நமக்கு இருக்கிறது என்பதை நாற்பத்து நான்கு வயது வரையில் நாம் கவனித்ததே இல்லை. இருக்கும் இடம் தெரியாமல் இருந்து ஊழியம் செய்வதில் முழங்காலுக்கு இணையானவர்கள் உலகத்தில் வெகு சிலர். வகுப்பறையில் நாள் முழுவதும் நின்றபோது அது முணுமுணுத்ததில்லை. தேர்தல் வேலைக்காக மலைக் கிராமத்துக்கு நடந்து போனபோதும் முணுமுணுத்ததில்லை. ஆனால் நாம் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அது வாய் திறந்து பேச ஆரம்பித்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை.

சைக்கிள் ஓட்டும்படி நேர்ந்ததற்குக் காரணம் வைத்தியர். "உங்கள் ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. அதை உட்காரச் சொல்லி உபசரிப்பதும், வாசலோடு அனுப்பி விடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று அவர் சொல்லிவிட்டார். நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் போகும் சாலையில், நம் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு சைக்கிள் வாங்கக் கிளம்பினோம்.

கடையில் நாம் செய்த பரீட்சைகளைச் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். மணியை அடித்துப் பார்த்தோம். டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தோம். நிறம் மனத்துக்குப் பிடித்திருந்தது. ஸீட்டில் உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்ற முடிந்தது. ஆகவே வண்டி நமக்குப் பொருத்தம் என்று தீர்மானித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். சிரிக்கிற வாசகர்கள் தங்கள் வீட்டுச் சைக்கிள் எப்படி வாங்கப்பட்டது என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் கழுத்து, தோள், மார்பு, கை என்று ஏழெட்டு இடங்களில் அளவு எடுக்கிறார். செருப்பு வாங்கப் போனால் நான்கு ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கிறோம். ஒரு மணி நேரச் சைக்கிள் பிரயாணத்தில் முழங்கால் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்கிறது. அவ்வளவு வேலை வாங்கும் யந்திரத்துக்கு மாத்திரம் நாம் அளவு பார்ப்பதில்லை. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற தேசத்தில், தினசரி கூடவே வருகிற சைக்கிளுக்கு ஒரு பொருத்தங்கூடப் பார்க்காமல் இருக்கிறோம்.

நாம் போய் வரும் அந்தச் சாலைக்கு ஒரு பெருமை உண்டு. அது போய்ச் சேரும் பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா தமது கடைசி நாட்களைக் கழித்து, 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி மறைந்தார். சிறையில் பற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி, அவர் ரயில் வண்டியில் ஏறக்கூடாது என்று அன்னிய சர்க்கார் தடுத்தபோது, கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தவர் அவர். அந்த மகான் நடந்த மண்ணில் முழங்கால் வலி என்று முனகுவதற்கு நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதனால் வலி குறையவில்லை.

வலி என்றால் முழங்காலின் முன்புறத்தில், சில்லுக்குக் கீழே வலி. மேட்டில் பெடலை அழுத்தும்போது ஊசி குத்துவது போலிருக்கும். வீட்டில் விளக்கெண்ணெய் தடவினார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் சாப்பிடச் சொன்னார். மற்றொருவர், "வயசாகிவிட்டது சார், ஒப்புக்கொண்டு விடுங்கள்" என்றார். ஸீட்டை ஏற்றிப் பாருங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வலி காலில் இருக்கிறது என்றால் குற்றமும் காலில்தான் இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய அபிப்பிராயமும். நம்முடைய அபிப்பிராயமும் அதுவே.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். நாம் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "சார், அங்கே சைக்கிளை ஆளுக்குப் பொருத்திக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தரம் வந்து பாருங்கள்" என்றான். கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம். அவன் சொன்ன தொகை நம் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவுக்கு மேலிருந்தது. அதையும் தானே கொடுப்பதாகச் சொன்னான். குரு தக்ஷிணையை மறுப்பது மரியாதையல்ல என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டு, சைக்கிளோடு புறப்பட்டோம்.

அந்தப் பொருத்தம் பார்ப்பவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஓசூர்க்காரர், ஆகையால் தமிழிலேயே பேசினார். அறையில் சைக்கிளை அசையாமல் நிறுத்தி ஓட்டுவதற்கு ஒரு தாங்கி, பக்கவாட்டில் காமிரா, சுவரில் பெரிய திரை எல்லாம் இருந்தன. ஆனால் முதல் அரை மணி நேரம் அவர் இவற்றில் ஒன்றையும் தொடவில்லை; நம்மைப் பேச விட்டார். எதற்காக ஓட்டுகிறீர்கள், தினம் எவ்வளவு தூரம், சாலை மேடா சமமா, எங்கே வலிக்கிறது, ஏறும்போதா இறங்கும்போதா, முன்பு எப்போதாவது கீழே விழுந்து அடிபட்டதுண்டா, நாள் முழுதும் உட்கார்ந்து செய்யும் வேலையா நின்று செய்யும் வேலையா என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் சொல்லச் சொல்ல, நம் முழங்கால் நம்முடன் மூன்று மாதமாகப் பேசிய விஷயம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்துகொண்டு வந்தது.

பிறகு ஒரு பெஞ்சியில் படுக்கச் சொன்னார். ஒரு காலை மடக்காமல் தூக்கி, அது எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்தார். இரண்டு கால்களும் சம நீளந்தானா என்று பார்த்தார். குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னார். நம் விரல்கள் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. "உங்கள் இடுப்பு இவ்வளவுதான் வளையும். பந்தயக்காரனைப் போல் உங்களைக் குனிய வைத்தால் முதுகு வேலைநிறுத்தம் செய்துவிடும்" என்றார். சைக்கிளைத் தொடுவதற்கு முன் சரீரத்தைப் படிக்க வேண்டும் என்பது அவருடைய முதல் சாஸ்திரம்.

அதன் பிறகுதான் அளவு நாடா வெளியே வந்தது. காலின் உள்பக்க நீளம், அதாவது தரையிலிருந்து தொடை கூடும் இடம் வரையில், நமக்கு 80 சென்டிமீட்டர். இந்த ஓர் அளவிலிருந்து ஸீட்டின் உயரத்தைக் கணக்கிடுவதற்குப் பல வாய்ப்பாடுகள் இருக்கின்றனவாம். 1967-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஹாம்லே, தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து, கீழே இறங்கி நிற்கும் பெடலிலிருந்து ஸீட்டின் மேற்புறம் வரை உள்ள தூரம் காலின் உள்ளளவில் நூற்றுக்கு 109 பங்கு இருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று கண்டார்கள். 1986, 1989, 1990 ஆகிய மூன்று வருஷங்களில் பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தை வென்ற அமெரிக்கரான கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் வாய்ப்பாடு வேறு: கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால், இரண்டு கிராங்குகளும் கூடும் அச்சின் மையத்திலிருந்து ஸீட்டின் மேற்புறம் வரை உள்ள உயரம் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி நமக்கு 70.6 சென்டிமீட்டர் வர வேண்டும். நம் சைக்கிளில் இருந்ததோ 65.

"அப்படியானால் ஐந்தரை சென்டிமீட்டர் ஏற்றிவிட வேண்டியதுதானே?" என்று நாம் மாணவனைப் போல் முந்திக்கொண்டோம். அவர் தலையை அசைத்தார். "வாய்ப்பாடு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும். உள்ளே போவது நாம்தான். மூன்று மாதமாகத் தாழ உட்கார்ந்து பழகிய காலை ஒரே நாளில் நீட்டினால், இப்போது முழங்காலுக்கு முன்னால் இருக்கிற வலி பின்னால் போகும்" என்றார்.

அவர் விளக்கிய காரணம் எளிதானது. ஸீட்டு மிகவும் தாழ்ந்திருந்தால், பெடலை அழுத்தும்போது முழங்கால் அளவுக்கு மேல் மடங்கியிருக்கிறது. சில்லு அழுந்தி முன்புறம் வலிக்கிறது. மிகவும் உயர்ந்திருந்தால், பெடலை எட்டிப் பிடிக்கக் கால் முழுவதும் விறைத்து நீள்கிறது; முழங்காலுக்குப் பின்புறம் இழுக்கிறது, இடுப்பு இரண்டு பக்கமும் தராசுத் தட்டுப் போல் ஆடுகிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை ஒரு சிறு மடிப்பு எஞ்சி இருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்கார முடிகிற உயரம், நிற்பதற்கு வசதியானது, ஓட்டுவதற்கு அல்ல. நாம் கடையில் செய்த பரீட்சை எவ்வளவு அழகானது என்பது அப்போது தெரிந்தது.

தாங்கியில் வண்டியை மாட்டி நம்மை ஓட்டச் சொன்னார். இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினார். பத்து நிமிஷம் ஓட்டினோம். மீண்டும் ஒன்றரை ஏற்றினார், மீண்டும் ஓட்டினோம். அதற்கு மேல் அன்று ஏற்ற மறுத்துவிட்டார். பெடல் முன்பக்கமாகப் படுக்கையில் நிற்கும்போது, முழங்காலின் முன்புறத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது பெடலின் அச்சுக்கு நேராக விழுகிறதா என்பதைக் கொண்டு ஸீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினார். இதுவும் ஓர் ஆரம்பக் குறிதானே தவிர வேதவாக்கு அல்ல என்றார். ஒரு சமயத்தில் ஒரு மாறுதல்தான் செய்தார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணம் செய்தது, எது கெடுதல் செய்தது என்று தெரியாமல் போகும் என்பது அவருடைய இரண்டாவது சாஸ்திரம்.

நம்மை மிகவும் கவர்ந்தது முடிவில் அவர் செய்த காரியம். எல்லா அளவுகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "இரண்டு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். இன்று நான் செய்தது பாதி வேலைதான், மீதியை உங்கள் முழங்கால் சொல்லி அனுப்பும்" என்றார். புது ஸீட்டு வாங்குங்கள், புது வண்டி வாங்குங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏற்றினார். ஆக மொத்தம் நாலரை. வாய்ப்பாடு சொன்னதற்கு ஒன்று குறைவு. அந்த இடத்தில்தான் வலி நின்றது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். ஒரு மனிதரின் முழங்கால் சௌக்கியமாகிவிட்டது என்பது பத்திரிகையில் போடுவதற்கு உரிய செய்தி அல்ல.

குணமான கண்ணோடு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காட்சி திடீரென்று வேறாகத் தெரிந்தது. நம் பள்ளிக்கூடத்தின் வேப்ப மரத்தடியில் வரிசையாக நிற்பவை சர்க்கார் கொடுத்த சைக்கிள்கள். தமிழ்நாட்டில் 2001-02-ஆம் வருஷத்தில் முதலில் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06 முதல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவான திட்டம் இது. இதன் அருமையை வெளியூர்க்காரர்களும் கண்டிருக்கிறார்கள். 2006-இல் பீகாரில் இப்படியே மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தபோது, கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்தது என்றும், பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம் என்றும் கண்டார்கள். தூரத்தை வெல்வதற்குப் பெண்களுக்குக் கிடைத்த ஆயுதம் சைக்கிள்.

ஆனால் ஆயுதம் கைக்கு அடங்க வேண்டுமல்லவா? பதினொன்றாம் வகுப்பில் ஐந்தே முக்கால் அடிப் பையனும் இருக்கிறான், நாலேகால் அடிப் பையனும் இருக்கிறான். ஸீட்டை ஏற்றவும் இறக்கவும் எல்லா வண்டியிலும் வசதி இருக்கிறது, அதில் குறையில்லை. ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. சைக்கிள் வழங்கும் நாளில் நாம் பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு, கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கிறோம். குற்றவாளி யார் என்று தேடினால் கண்ணாடியில் பார்த்தால் போதும்.

அந்த வரிசையில் ஒரு சைக்கிளின் ஸீட்டு மற்றவற்றைவிட ஒரு கையளவு உயரமாக நின்றது. அது பதினொன்றாம் வகுப்பிலேயே மிகவும் குள்ளமான ஒரு பெண்ணுடையது. ஆறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறவள். அடிக்கடி நேரம் தவறி வருவாள். நாம் அவளை மூன்று தடவை வாசலில் நிற்க வைத்திருக்கிறோம். இந்த மூன்றும் இன்றைக்கும் நமக்கு ஞாபகத்தில் இருக்கின்றன.

அன்று மாலை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏனம்மா ஏறவில்லை?" என்று கேட்டோம்.

"மேட்டிலே முடியலே சார். கால் எட்டமாட்டேங்குது. முட்டிக்குப் பின்னாலே இழுக்குது."

"ஸீட்டை இறக்கச் சொல்லக் கூடாதா?"

"அண்ணன் ஏத்திட்டாங்க சார். சாயங்காலம் அவங்கதான் பால் சொசைட்டிக்கு எடுத்துட்டுப் போவாங்க. இப்ப இறக்கப் பார்த்தா இறங்கவே மாட்டேங்குது." சற்று நேரம் கழித்துத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வண்டி ஓட்ட முடியலேன்னா நின்னுக்கோன்னு அப்பா சொல்லிட்டாரு சார். பஸ்ஸு காலையிலே ஆறே முக்காலுக்கு ஒண்ணு. அதை விட்டா ஒன்பதரைக்குத்தான்."

வாசகர்களே, ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பதும் படிக்காமல் நிற்பதும் இரண்டு அங்குல இரும்புக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஜில்லாவில் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு அடுத்தாற்போல் என்ன நடக்கும் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மறுநாள், கணக்கு ஆசிரியை அம்மாளையும் உடன் அழைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடும் சைக்கிளோடும் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே நாற்பது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். நாம் பெங்களூரில் கற்றுவந்த வித்தையை எல்லாம் அவரிடம் அவிழ்த்துவிட்டோம். பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே. பாப்பா அந்தக் கரண்ட் கம்பம் வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும், நான் பின்னாலே நின்னு பாக்கறேன்" என்றார்.

அவள் போய்த் திரும்பினாள். பாய்க்குக் காமிராவும் இல்லை, திரையும் இல்லை. "இடுப்பு ஆடுது. நாலு விரக்கடை இறக்கணும். கையை வேறே நீட்டி நீட்டிப் பிடிக்குது, ஹாண்டிலையும் கொஞ்சம் தூக்கணும்" என்றார். கணக்கு ஆசிரியை நூல் பிடித்து அளந்து, நாம் 0.883-ஆல் பெருக்கிப் பார்த்தபோது, இறக்க வேண்டிய அளவு ஏறக்குறைய அவர் சொன்னபடியே வந்தது. நாம் சற்று நேரம் பேசவில்லை.

துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த ஸீட்டுக் குழாய்க்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். அரை மணி கழித்து மரக்கட்டையை வைத்துத் தட்டித் திருகினார், இறங்கிற்று. ஹாண்டில் பாரின் நடு ஆணியைத் தளர்த்தி, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஓர் அங்குலம் உயர்த்தி இறுக்கினார். "எவ்வளவு தூக்கினாலும் இந்தக் கோட்டுக்கு மேலே வெளியே வரக்கூடாது. குழாய் உள்ளே ரெண்டரை அங்குலமாவது இருக்கணும், இல்லேன்னா ஓட்டும்போது கழண்டு வந்துடும்" என்று எச்சரித்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக, ஸீட்டுக் குழாயில் அரத்தால் இரண்டு மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தார். கீழ்க்கோடு காலையில் அண்ணனுக்கு, மேல்கோடு மாலையில் தங்கைக்கு. ஸீட்டு இறங்க இறங்கக் குழாய் உள்ளே போகுமல்லவா? அவசரமின்றி ஒரே நிமிஷத்தில் மாற்றும்படி, கையாலேயே திருகக்கூடிய ஒரு திருகாணியையும் மாட்டினார். கூலி என்ன என்று கேட்டதற்கு, "டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

வாசகர்கள் மேலே ஒரு தவற்றைக் கண்டிருப்பார்கள்: காலையில் ஓட்டுகிறவள் தங்கை, மாலையில் ஓட்டுகிறவன் அண்ணன். பாயும் அன்று அப்படித்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அவள் சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாயின் வேலையில் ஒரு பிசகும் இருந்தது. ஸீட்டின் மூக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டார்; பெண்களுக்கு அதுதான் சௌகரியம் என்பது அவருடைய நம்பிக்கை. எட்டு நாள் கழித்து, "வண்டி எப்படி இருக்கிறது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். கால் வலி இல்லை, ஆனால் எழுதும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன என்றாள். இதை நாம் பெங்களூரில் கேட்டிருக்கிறோம். ஸீட்டு முன்னே சாய்ந்திருந்தால் உடம்பு சறுக்கிக்கொண்டே வரும். அதைத் தடுக்கக் கைகள் உடலின் பாரத்தைத் தாங்கும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்தி, அந்த இரண்டு விரல்களும் உணர்ச்சி மங்கும். மறுபடி பாயிடம் போனோம். ஸீட்டின் மேல் ஒரு மரச் சட்டத்தை வைத்து மட்டம் பார்த்து நேராக்கினார். ஒரு வாரத்தில் விரல்கள் சரியாகிவிட்டன. "எனக்கு இது தெரியாதே வாத்தியாரே!" என்று பாய் ஒளிக்காமல் சொன்னார். நாற்பது வருஷ அனுபவத்துக்குப் பிறகு இப்படிச் சொல்ல முடிகிறவர்தான் நிபுணர் என்று நமக்குத் தோன்றிற்று.

நல்ல பொருத்தம் என்பது எதில் இருக்கிறது என்று இதற்குப் பிறகு வெகுவாக யோசித்தோம். பெங்களூர் அறையில் இருந்த கருவிகளில் இருந்தால், பாய் ஒரு தடவை பார்த்துச் சொன்ன அளவு எப்படிச் சரியாக வந்தது? அனுபவத்தில் மாத்திரம் இருந்தால், பாய் ஸீட்டைச் சாய்த்தது எப்படி? இரண்டு இடங்களிலும் வண்டி நமக்குச் சரிப்பட்டதற்குக் காரணமான பொது அம்சம் ஒன்றுதான்: ஓட்டுகிறவரைக் கேட்டு, ஓட விட்டுப் பார்த்து, ஒன்றை மாற்றி, மறுபடி கேட்டார்கள். பெங்களூர்க்காரர் திரும்பி வரச் சொன்னார். பாய் சொல்லவில்லை, நாம் தற்செயலாகக் கேட்டதால் பிசகு தெரிந்தது. "சரியாகிவிட்டது, போய் வாருங்கள்" என்று அனுப்புகிறவரைவிட, "ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள்" என்று சொல்லுகிறவரிடமே சைக்கிளைக் கொடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் வண்டியே காலுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதை அறிந்தால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். முன் சக்கரம் ஆளுயரமும் பின் சக்கரம் தட்டளவும் இருந்த பழைய ஆங்கிலச் சைக்கிளில் செயின் கிடையாது. பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஆகவே வாங்குகிறவருடைய கால் எவ்வளவு நீளமோ அதற்குத் தக்க சக்கரந்தான் கொடுப்பார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறையச் சமமாகி, செயினால் ஓடும் சைக்கிளைக் கொண்டு வந்தார். விபத்துக் குறைந்தது, விலையும் நாளடைவில் குறைந்தது, உலகமே சைக்கிளில் ஏறிற்று. ஆனால் எல்லா வண்டியும் எல்லாருக்கும் ஆகும் என்ற எண்ணமும் கூடவே ஏறிக்கொண்டது.

நம் தேசத்தில் அந்த எண்ணத்துக்கு நாம் கண்ட பரிகாரம் குரங்குப் பெடல். அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை வில்லாக வளைத்து, விலா எலும்பில் பார் இடிக்க ஓட்டிப் பழகாத ஆண்பிள்ளை நம் தலைமுறையில் அபூர்வம். அதில் சாகசம் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. ஆனால் வண்டிக்காக ஆள் வளைய வேண்டும் என்ற பாடத்தையும் அது நம் எலும்பில் எழுதிவிட்டது. முதலாவதாக வளைந்தவர்கள் பிற்பாடு கேள்வி கேட்பதே இல்லை.

கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது பலர் பெண்களுக்கென்று செய்த வண்டியை விட்டு, ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். காரணம், ஸீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! எது பொருத்தம் என்பதை முழங்கால் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. வாழ்க்கையும் தீர்மானிக்கிறது என்பதை அந்தப் பெண்கள் எந்த நிபுணரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள்.

நம் வாசகர்கள் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. வலி நீடித்தாலோ, பழைய அடி இருந்தாலோ, கால்களில் ஒன்று குட்டையாக இருந்தாலோ நிபுணரைப் பார்ப்பது அவசியம். மற்றவர்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஸீட்டில் உட்காருங்கள். பெடலை அடிக்குக் கொண்டு வந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் உயரம் சரி. பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால், வேண்டிய சிறு மடிப்புத் தானே கிடைக்கும். ஸீட்டு மட்டமாக இருக்கட்டும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை விறைக்காமல் சற்றே மடங்கியிருக்கட்டும். குழந்தைகளானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள். புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு மாத்திரம், பயம் தெளியும் வரையில் கால் தரையில் எட்டும்படி ஸீட்டைத் தாழ்த்தி வைக்கலாம்.

இந்த வருஷம் சைக்கிள் வழங்கிய மறு சனிக்கிழமை, புகைப்படம் எடுத்துக்கொண்டதோடு நாம் வீட்டுக்குப் போகவில்லை. பாய் இரண்டு ஸ்பானரோடு வேப்ப மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். மாணவிகளுக்குக் கணக்கு ஆசிரியையும், மாணவர்களுக்கு நாமும் அளவு பார்த்தோம். ஒவ்வொருவரும் கொடிக்கம்பம் வரையில் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லி, கரும்பலகையில் தேதி எழுதிப் போட்டோம்.

அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இன்னமும் சில நாள் நேரம் தவறித்தான் வருகிறாள். ஆனால் வாசலில் நிற்க வைப்பதற்கு முன்னால் நாம் காரணத்தைக் கேட்கிறோம். சென்ற வாரம் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து தயங்கி நின்றாள். என்ன என்று கேட்டோம்.

"சார், ஸீட்டு இப்ப கொஞ்சம் தாழ்வா இருக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு நூல் ஏத்தணும்."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்று சொல்லுவது தச்சர்களுக்கும் பாய்க்கும் உள்ள வழக்கம். எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. அவள் வளர்ந்திருக்கிறாள். வளர்ந்ததை நம்மிடம் வந்து சொல்லவும் துணிந்திருக்கிறாள். மாலையில் பாய் கடைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பினோம்.